முதலிலிருந்து பார், செல்வி

ஒசாகா
16 நவம்பர்

அன்புள்ள செல்விக்கு,

அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா, புது மாத்திரை ஒத்துக்கொண்டதா என்று எழுது.

போன வாரம் போனில் ‘கே-ஆன்!’ என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடர் பற்றி நீ சொன்னது மனசிலேயே இருக்கிறது. “நீ சொன்னியேன்னு ரெண்டு எபிசோடு பார்த்தேன்க்கா. டீ குடிக்குதுங்க, கேக் சாப்பிடுதுங்க, பேசுதுங்க, வீட்டுக்குப் போயிடுதுங்க. கதை எப்பக்கா ஆரம்பிக்கும்?” என்றாய். ஆபீசுக்கு ஓடிக்கொண்டிருந்த நேரம். சரியாகப் பதில் சொல்லவில்லை.

நீ கேட்டதில் தப்பே இல்லை. 2009 ஏப்ரலில் இது டிவியில் வரத் தொடங்கியபோது ஜப்பானியர்களிலேயே பல பேர் இதைத்தான் கேட்டார்கள். பள்ளிக்கூடத்து இசைக் குழு என்று சொல்லிவிட்டு இந்தப் பெண்கள் பயிற்சியே செய்வதில்லையே என்று சங்கீதம் தெரிந்தவர்களுக்குக் கோபம். சண்டை கிடையாது, காதல் கிடையாது, போட்டியில் ஜெயிப்பதுகூடக் கிடையாது. இந்த மாதிரிக் கதைகளுக்கு இங்கே ‘கூகிகெய்’ என்று ஒரு பேர் இருக்கிறது. காற்று வகை என்று வைத்துக்கொள். அதையே சிலர் பாராட்டாகச் சொல்வார்கள், சிலர் வசையாக.

மூலக்கதை நாலு கட்டப் படக்கதைதான். ககிஃபுராய் என்ற புனைபெயரில் ஒருவர் 2007 முதல் ‘மங்கா டைம் கிராரா’ பத்திரிகையில் வரைந்தது. நாலாவது கட்டத்தில் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். கியோட்டோ அனிமேஷன் நிறுவனம் இதை நவோகோ யமாதா என்ற பெண்ணிடம் கொடுத்தது. தொடர் வந்தபோது அவருக்கு 24 வயது. அவர் இயக்கிய முதல் தொடர். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் படக்கதை தாண்டிப் போய்விடும் நேரம் இருக்கிறதே, அதை எடுத்து அவர் விரித்துக் காட்டினார். ஒருத்தி பேசிக்கொண்டிருப்பாள், திரையில் அவள் முகம் இருக்காது, கால்கள்தான் இருக்கும். நிற்கிற விதத்திலேயே அவளுக்குக் கூச்சமா, அலுப்பா, சொல்ல வந்ததை விழுங்கிவிட்டாளா என்று தெரிந்துவிடும். அடுத்த தடவை கால்களைக் கவனி.

பார்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. குழுவில் கிட்டார் வாசிக்கிற யூயி ஆசைப்படுகிற அந்த கிட்டார் 2,50,000 யென். அதற்காக ரோட்டோரம் உட்கார்ந்து போகிற வருகிற வண்டிகளை எண்ணும் வேலைக்குப் போவார்களே, நீ பார்த்த இரண்டாம் எபிசோடில் வந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு வாத்தியக் கடைக்குப் போனவர்கள் ஏராளம். பேஸ் வாசிக்கிற மியோ இடக்கைக்காரி, அவளைப் பார்த்து இடக்கை பேஸ் கிட்டார் கேட்டு வந்தவர்களும் உண்டு. 2010-இல் இரண்டாவது தொடரின் ஆரம்பப் பாட்டும் முடிவுப் பாட்டும் ஒரே வாரத்தில் ஒரிகான் விற்பனைப் பட்டியலின் முதல் இரண்டு இடங்களுக்கு வந்தன.

ஆனால் உனக்கு எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. இரண்டாவது தொடரின் 20-ஆம் எபிசோடுக்காக.

மூத்தவர்கள் நாலு பேருக்கும் அது கடைசிப் பள்ளி விழா. கச்சேரி நன்றாக நடந்து முடிகிறது. ஒரே மாதிரி டி-ஷர்ட்டோடு ஐந்து பேரும் தங்கள் அறைக்குத் திரும்பி, சுவரில் சாய்ந்து வரிசையாக உட்காருகிறார்கள். பொழுது சாய்கிற வெளிச்சம். இனிமேல் என்னென்ன செய்யலாம் என்று பேச்சு போகிறது. கிறிஸ்துமஸ் வருது, புத்தாண்டு வருது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து, அடுத்த வருஷ விழாவுக்கு என்று வாயெடுத்துவிடுகிறார்கள். அப்போதுதான் உறைக்கிறது. அடுத்த வருஷம் இளையவள் அஸுசா மட்டும்தான் அங்கே இருப்பாள். அதுவரை நம்மைச் சிரிக்க மட்டுமே வைத்தவர்கள் அழ ஆரம்பிக்கிறார்கள்.

என்னோடு வேலை பார்க்கிற ஒருவர், ஐம்பதை நெருங்குகிறவர், இதைப் பற்றிச் சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாராவாரம் ராத்திரி அந்த மேசையில் தானும் உட்கார்ந்து டீ குடித்ததாகவும், அவர்களுடைய மூன்று பள்ளி வருஷம் ஓடியதே தெரியவில்லை என்றும் சொன்னார். ஒன்றுமே நடக்கவில்லை என்று நீ சொன்னாயே செல்வி, அந்த ஒன்றுமில்லாத எபிசோடுகளில்தான் அந்த மூன்று வருஷமும் போயிருக்கிறது.

நான் கல்லூரிக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி நாம் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தது ஞாபகம் இருக்கிறதா? தீபாவளிக்கு வருவியா, பொங்கலுக்கு வருவியா என்று கேட்டுக்கொண்டே வந்தாய். “பரீட்சைக்கு யாரு கணக்கு…” என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டாய். அதற்குமேல் நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அந்த எபிசோடைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாய்தான் ஞாபகம் வருகிறது.

நேற்று தொயோசாத்தோவுக்குப் போய் வந்தேன். ஷிகா மாகாணத்தில் ஒரு சின்ன ஊர். ஹிகோனேயில் இறங்கி ஓமி ரயில்வேயின் குட்டி ரயிலுக்கு மாறினால், அறுவடை முடிந்த வயல்களுக்கு நடுவே போகிறது. தொடரில் வரும் பள்ளிக்கூடம் இந்த ஊரின் பழைய ஆரம்பப் பள்ளியைப் பார்த்து வரைந்ததுதான். இங்கேயே படித்து மருபெனி வணிக நிறுவனத்தில் பெரிய பதவிக்கு வந்த ஒருவர் கொடுத்த பணத்தில், வில்லியம் வோரிஸ் வடிவமைத்து 1937-இல் கட்டியது. இடித்துவிடுவது என்று முடிவெடுத்தபோது ஊர்க்காரர்கள் எதிர்த்து நின்று, நீதிமன்றம் வரை போய்க் காப்பாற்றியிருக்கிறார்கள். புதுப்பித்துத் திறந்ததும் 2009-இல்தான். அதே வருஷம் ‘கே-ஆன்!’ வந்தது, பிள்ளைகள் போய்விட்ட கட்டடத்துக்கு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். படிக்கட்டின் கைப்பிடியில் வெண்கலத்தில் முயலும் ஆமையும். ஓட்டப்பந்தயக் கதை முழுவதும் படி ஏற ஏறக் கைக்கு அகப்படுகிறது. எத்தனை பேர் தடவியதோ, ஆமையின் முதுகு வழவழவென்று இருந்தது. மூன்றாவது தளத்தில் அந்த இசைக் குழு அறை. மேசைகளைச் சேர்த்துப் போட்டு, கோப்பை, சாசர், கேக் பொம்மை எல்லாம் பரப்பி வைத்திருக்கிறார்கள். கரும்பலகை நிறைய வந்தவர்கள் வரைந்த படங்கள். எனக்கு முன்னால் வந்திருந்த ஒரு பையன் கொஞ்சம் நகர்ந்திருந்த ஒரு கோப்பையைக் கைப்பிடி வலப்பக்கம் வருகிற மாதிரித் திருப்பி வைத்துவிட்டு, குனிந்து வணங்கிவிட்டுப் போனான்.

2019 ஜூலை 18 அன்று கியோட்டோ அனிமேஷன் ஸ்டுடியோவுக்கு ஒருவன் தீ வைத்ததில் 36 பேர் இறந்துபோனார்கள் என்று உனக்கு முன்பே சொல்லியிருக்கிறேன். உலகம் முழுவதிலிருந்தும் 300 கோடி யென்னுக்கு மேல் உதவி வந்தது. அனுப்பியவர்களில் எத்தனையோ பேர் ஜப்பானையே பார்த்திராதவர்கள். அந்தக் கோப்பையைப் பார்த்தபோது அந்த 36 பேரையும் நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

நீ ஒன்று செய். 20-ஐ மட்டும் தேடி எடுத்துப் பார்த்துவிடாதே. முதலிலிருந்து வரிசையாகப் பார். சமைக்கும்போது பக்கத்தில் ஓடவிட்டாலும் சரி, குட்டியை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாலும் சரி. அந்த எபிசோடு முடிந்ததும் எனக்குப் போன் பண்ணு. உனக்கு ராத்திரி பத்து மணி என்றால் எனக்கு ஒன்றரை. பரவாயில்லை, எடுப்பேன்.

அன்புடன்,
அக்கா