சங்கரன்கோவிலுக்கு வந்து சேர்ந்த ஜியு ஜிட்சுவுக்கு

அன்புள்ள ஜியு ஜிட்சுவுக்கு,

நீ இந்த ஊருக்கு வந்து சேர்ந்ததற்கு இதுவரை யாரும் உனக்கு முறையாக நன்றி சொல்லவில்லை. ஆடித் தபசுத் திருவிழாவுக்குத் திரள்கிற கூட்டத்தில் உன் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் சொற்பம். பூ மார்க்கெட்டில் யாரிடமாவது நம் பயிற்சிக் கொட்டகைக்கு வழி கேட்டால், "அந்தக் கராத்தே கிளாஸா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். உன்னைச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவன் நான். அதிகம் கடன்பட்டவனும் நான்தான் என்பதால் இந்த மடலை நானே எழுதுகிறேன்.

ஜியு ஜிட்சுவே, இருப்பதை வைத்துத் தொடங்கலாம் என்ற துணிச்சலை முதலில் நீதான் தந்தாய். தறிகளை விற்றபின் காலியாகக் கிடந்த ஒரு பழைய விசைத்தறிக் கொட்டகையை வாடகைக்கு எடுத்தபோது, ஒன்றோடொன்று கோத்துப் போடும் ரப்பர் பாய்களை வாங்கத்தான் கையில் காசிருந்தது. சுவர்க்கண்ணாடி இல்லை, பெயர்ப்பலகை இல்லை. பக்கத்துக் கொட்டகையில் ஓடுகிற தறிச்சத்தத்தில் நான் கத்திச் சொன்னால்தான் பின்வரிசைக்குக் கேட்கும். அப்போதெல்லாம் உன் பாட்டனார் கதைதான் தெம்பு தந்தது. 1882-இல் டோக்கியோவில் ஜிகோரோ கானோ கொடோக்கான் என்ற தன் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கியது எய்ஷோஜி என்கிற பௌத்தக் கோயிலின் ஓர் அறையில். மொத்தம் 12 பாய்கள், 9 மாணவர்கள். ஜூடோ என்று உலகமே அறிந்த கலை அந்த அறையிலிருந்து கிளம்பியது. கானோவின் கொடோக்கானில் பயின்ற மிட்சுயோ மயேதா 1914-இல் பிரேசிலுக்குப் போய், பின்னர் பெலேம் நகரில் நிலைத்தார். அங்கே அவரிடம் கற்றவர்களில் ஒருவர் கார்லோஸ் கிரேசி. அண்ணன் கற்றதைத் தம்பி எலியோ வாங்கிக்கொண்டார். மெலிந்த உடம்புக்காரர், தூக்கி எறிகிற பலத்தைக் காட்டிலும் நெம்புகிற நுட்பத்தையே நம்பி உன்னைச் செதுக்கினார். இத்தனை கை மாறி நீ எங்கள் கொட்டகைக்கு வந்திருக்கிறாய் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

ஜியு ஜிட்சுவே, எங்கள் நோஞ்சான் பிள்ளைகள் சார்பில் உனக்கு ஒரு தனி நன்றி. 1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வரில், எடை வகுப்பு எதுவும் இல்லாத முதல் யுஎஃப்சி கலப்புச் சண்டைப் போட்டியில், சுமார் 80 கிலோ எடையுள்ள ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூன்று பேரை அடுத்தடுத்து வென்றார். அவர்களில் கென் ஷாம்ராக் பார்க்கவே மலைப்பு தருகிற உடம்புக்காரர். அந்தக் காட்சியைப் போனில் காட்டும்போது, வகுப்பின் கடைசியில் ஒதுங்கி நிற்கிற பையன் ஒரு எட்டு முன்னால் வருவான். பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்திலும் கபடியிலும் யாரும் சேர்த்துக்கொள்ளாத பையன்தான் அவன். கீழே கிடப்பவனுக்கும் ஆட்டம் உண்டு என்பதை உன்னிடம்தான் அவன் பார்க்கிறான். மல்லாந்து கிடந்தபடியே இரண்டு காலுக்கு நடுவில் எதிராளியைப் பூட்டி வைக்கலாம். இடுப்பை ஒரு சாண் நகர்த்தினால் மேலே அழுத்துகிறவனின் கனமெல்லாம் வேறு பக்கம் போய்விடும். அந்த அசைவைத்தான் இறால் என்போம். "இறால் போடு, இறால் போடு" என்று நான் கத்த, கொட்டகையின் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குப் பிள்ளைகள் முதுகால் தேய்த்துத் தேய்த்து நகர்ந்து போவார்கள். வேடிக்கை பார்க்க வருகிற பெற்றோருக்கு அது என்ன பயிற்சி என்றே விளங்காது. அந்தப் பிள்ளைகளை ஒரு மாதம் கழித்து யாரும் சுலபத்தில் அமுக்கி வைக்க முடியாது.

ஜியு ஜிட்சுவே, தட்டக் கற்றுக்கொடுத்தாயே, அதற்கு என்ன சொல்லி நன்றி சொல்ல? எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை விட்டுக்கொடுத்தால் அது வீட்டுக்கே அவமானம் என்று சொல்லித்தான் வளர்க்கிறார்கள். சின்ன உரசல் வஞ்சமாகி, வஞ்சம் அரிவாளாவதை இந்த மாவட்டங்கள் நிறையப் பார்த்துவிட்டன. நீயோ முதல் நாளே, பிடியில் சிக்கினால் ஒப்புக்கொண்டு தட்டு என்கிறாய். கழுத்தின் இரண்டு பக்கமும் ஓடுகிற ரத்தக்குழாய்களைச் சரியாக அழுத்திவிட்டால் பத்து விநாடிக்குள் நினைவு தப்பிவிடும். கை முட்டியை இடுப்பின் மேல் வைத்து எதிர்ப்பக்கம் வளைத்தால் மூட்டு நிற்காது. அதனால் தட்டியே ஆக வேண்டும். தட்டிய நொடியில் விட்டே ஆக வேண்டும். "விடுலே, தட்டிட்டேம்லா" என்று ஒருவன் சொல்ல, மற்றவன் கையை எடுத்து, "வலிக்கா? எங்க?" என்று அவன் முட்டியை நீவிவிட்டு, இரண்டு பேரும் மறுபடி முட்டிபோட்டு உட்கார்ந்து முதலிலிருந்து தொடங்குவார்கள். ஒரு மணி நேரத்தில் ஒவ்வொருவனும் பத்துத் தரமாவது தோற்கிறான். ஒருவனும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவதில்லை.

தோல்வியை எப்படி வைத்துக்கொள்வது என்று உன் வீட்டுப் பெரியவர்களே காட்டியிருக்கிறார்கள். 1951-இல் ரியோவின் மரக்கானா அரங்கில் ஜப்பானியர் மசாஹிகோ கிமுரா, எலியோவின் கையை முறுக்கிப் பூட்டினார். எலியோ தட்டவில்லை, அண்ணன் கார்லோஸ்தான் துண்டை வீசி ஆட்டத்தை நிறுத்தினார். பிறகு அந்தப் பிடிக்கு நீ வைத்துக்கொண்ட பெயர் கிமுரா. உன்னை வென்றவரின் பெயரை எங்கள் பிள்ளைகள் தினமும் சாயங்காலம் மரியாதையோடு சொல்லிப் பழகுகிறார்கள்.

ஜியு ஜிட்சுவே, இனிச் சொல்லப்போவது எல்லாவற்றிலும் பெரிய கடன். நீ தொடச் சொன்னாய். உன்னைத் தொடாமல் கற்க வழியே கிடையாது. ஒருவன் கன்னம் இன்னொருவன் மார்பில் அழுந்த வேண்டும். ஒருவன் வியர்வை மற்றவன் கண்ணில் சொட்டும். பிடரியைப் பிடிக்க வேண்டும், பாதத்தைப் பிடிக்க வேண்டும். எந்தத் தெருப் பிள்ளை எந்தத் தெருப் பிள்ளையின் பாதத்தைப் பிடிப்பது என்பது எங்கள் ஊர்களில் சின்ன விஷயமில்லை என்று உனக்குத் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் உடன்படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, சாதி அடையாளமாகக் கட்டுகிற நிறக்கயிறுகளையும் மோதிரங்களையும் பள்ளிகளில் தடை செய்யச் சொல்லி 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது.

அந்தக் கயிறு நம் கொட்டகை வாசல் வரைக்கும் வரத்தான் செய்கிறது. அங்கே ஒரு பிஸ்கட் டப்பா வைத்திருக்கிறேன். விரல் மாட்டினால் விரல் பிசகிவிடும் என்பதால் பாயில் ஏறுகிறவர் உடம்பில் கயிறு, மோதிரம், சங்கிலி எதுவும் இருக்கக் கூடாது. இது உன் விதி, உலகம் முழுக்க ஒரே விதி. நான் பிரசங்கம் செய்ய வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. நிறக்கயிறு, கோமதி அம்மன் சன்னதிக் கயிறு, தர்காவில் மந்திரித்துக் கட்டிய தாயத்து, சிலுவைச் சங்கிலி எல்லாம் அந்த டப்பாவுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். வகுப்பு முடிந்ததும் அவரவர் எடுத்துக் கட்டிக்கொள்வார்கள். ஒரு பையன் சில வாரங்களாக அவன் நிறக்கயிற்றை எடுக்கவே இல்லை. "கயிறு கிடக்குதேப்பா" என்றேன். "கிடக்கட்டும் மாஸ்டர்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

சங்கரனும் நாராயணனும் ஒரே திருமேனியாக நிற்கிற ஊர் இது. சிவன் பெரியவனா, விஷ்ணு பெரியவனா என்று சங்கனும் பதுமனுமாக இரண்டு நாகங்கள் வாதாடிய தலம். இந்த ஊருக்கு நீ வந்தது பொருத்தம்தான் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

ஜியு ஜிட்சுவே, தொடுவதற்கு முன்னால் சுத்தத்தையும் நீயே சொல்லிக்கொடுத்தாய். நகம் வெட்டியிருக்கிறதா என்று கையை நீட்டச் சொல்லிப் பார்க்கிறேன். வகுப்புக்கு முன்னும் பின்னும் கிருமிநாசினி விட்டுப் பாயைத் துடைப்பது பிள்ளைகளின் முறைவேலை. ஒருவனுக்குப் படர்தாமரை வந்தால் ஒரு வாரத்தில் பத்துப் பேருக்கு வந்துவிடும். எங்கள் கோயிலில் புற்றுமண்தான் பிரசாதம். தோல் நோய்க்கு அதைப் பூசிக்கொள்வது பாட்டி காலத்து வழக்கம். தாய்மாரிடம் நான் சொல்வது இதுதான்: "புற்றுமண்ணை நெற்றியில் இட்டு அம்மனைக் கும்பிட்டுக்கோங்க தாயி. தோல் டாக்டரையும் பாத்துருங்க. ஆறுற வரைக்கும் பிள்ளை வந்து உட்கார்ந்து பார்க்கட்டும், பாயில ஏற வேண்டாம்." யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

ஜியு ஜிட்சுவே, நீ வெளியூர்க்காரன் என்று சொல்கிறவர்களுக்கு நான் புறநானூற்றின் 80-ஆம் பாட்டைச் சொல்வேன். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி, ஆமூர் மல்லனோடு பொருததைச் சாத்தந்தையார் பாடியிருக்கிறார். ஒரு காலை மல்லனின் மார்பில் மடித்து ஊன்றி, மறு காலால் அவன் செய்கிற தந்திரத்தைத் தடுத்துப் பின்னால் வளைத்திருக்கிறான் கிள்ளி. முழங்காலை மார்பில் வைத்து அடக்குகிற அந்த நிலையை நாம் வாரத்தில் இரண்டு நாள் பழகுகிறோம். புலவர் கண் எவ்வளவு கூர்மையாகப் பார்த்திருக்கிறது! அதே பாட்டில் அவர் இன்னொன்றும் கேட்கிறார்: மகனோடு பிணங்கியிருக்கிற தந்தை தித்தன், மெச்சினாலும் மெச்சாவிட்டாலும், இதைப் பார்க்க வேண்டும் என்கிறார். இப்படிப்பட்ட தகப்பன்மார் எனக்கும் இருக்கிறார்கள். "படிக்கிற பிள்ளையக் கட்டிப் பொரள விடுதீரு" என்று சண்டைக்கு வந்த ஒருவர் இப்போது வாரக்கூலி வாங்கிய கையோடு ஷட்டருக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். உள்ளே வரச் சொன்னால் வர மாட்டார். மகன் சுற்று முடிகிற வரை போகவும் மாட்டார்.

ஜியு ஜிட்சுவே, சொல்லிக்கொடுக்கிறவனையும் நீ சும்மா விடவில்லை. எனக்குக் கை பழகிப்போன கைப்பூட்டை ஒரு சிறுமியால் முடிக்க முடியவில்லை என்றால், ஏன் என்று நான் தரையில் குப்புறப் படுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. முழங்கால் இரண்டும் நெருங்கவில்லை. இடுப்புக்கும் எதிராளியின் தோளுக்கும் நடுவே நாலு விரல் சந்து இருக்கிறது. அந்தச் சந்தை அடைத்ததும் பூட்டு விழுகிறது. அவள் மலர்ந்து சிரிக்கும்போது நானும் அன்றுதான் அந்தப் பிடியை முழுசாகத் தெரிந்துகொள்கிறேன். வெள்ளை, நீலம், ஊதா, பழுப்பு, கறுப்பு என்று ஐந்து பட்டைகளுக்கு நீ ஏறக்குறைய பத்து வருஷம் கேட்கிறாய். மூன்று மாதத்துக்கு ஒரு நிறம் கொடுத்துக் கட்டணம் வாங்கும் காலத்தில், "எப்ப மாஸ்டர் அடுத்த பெல்ட்டு?" என்று பெற்றோர் கேட்கிறபோது பொறுமையாக நிற்கிற தைரியமும் நீ கொடுத்ததுதான்.

ஜியு ஜிட்சுவே, இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு புது வகுப்பு தொடங்கியிருக்கிறது. மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்த தாய்மார் சிலர், "நாங்க படிக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டார்கள். விடிவதற்குள் மல்லி பறித்துவிட்டு வருகிறவர்களும் உண்டு, இரவு முழுக்கத் தறி ஓட்டிவிட்டு வருகிறவர்களும் உண்டு. பெரிய வகுப்பில் படிக்கிற பெண்பிள்ளைகள்தான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். மேலே ஒருத்தி உட்கார்ந்து அழுத்த, கீழே கிடக்கிற அம்மா இடுப்பை உயர்த்திப் பக்கவாட்டில் உருட்டித் தள்ளிவிட்டு, முந்தானை இல்லாத டீ-ஷர்ட்டைப் பழக்கத்தில் இழுத்துச் சரிசெய்துகொண்டு எழுகிறார். எழுந்ததும் மகளைப் பார்த்து, "இன்னொரு தடவை செய்வமா?" என்கிறார். அவர்கள் எல்லோருடைய நன்றியையும் சேர்த்து இந்த மடலில் எழுதியிருக்கிறேன். பெற்றுக்கொள்.

என்றும் உன் அன்பில்,
சங்கரன்கோவிலிலிருந்து உன் மாணவன்