அது வேற சார், இது மேக்ஸ்

கல்வராயன் மலையில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியர். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பாடக்குறிப்பு நோட்டுக்கு அடியில், துண்டில் சுற்றி, நிண்டெண்டோ ஸ்விட்ச் என்ற கையடக்க வீடியோ கேம் கருவி ஒன்றை வைத்திருக்கிறேன். மனைவிக்குத் தெரியும். தலைமையாசிரியருக்குத் தெரியாது. பிள்ளைகளுக்குத் தெரியவே கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தேன்.

அந்தக் கருவியை நிண்டெண்டோ நிறுவனம் இந்தியாவில் முறைப்படி விற்றதே இல்லை. சீட்டு எடுத்த பணத்தை மச்சானிடம் கொடுத்து சிங்கப்பூரிலிருந்து வரவழைத்தேன். வீட்டில் பையனுக்கு என்று சொன்னேன். பையன் அப்போது எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான். கூடவே வந்த கார்ட்ரிட்ஜோ 'டூம்'. செவ்வாய் கிரகத்தில் ஒரு நிறுவனம் பூமியின் மின்தட்டுப்பாட்டைத் தீர்க்க நரகத்திலிருந்து ஆற்றலை உறிஞ்சப் போய், அந்த வழியாகவே பேய்கள் புகுந்துவிடுகிற கதை. நாம் துப்பாக்கியின் பின்னால் நின்று சுட்டுக்கொண்டே போக வேண்டும். ஆற்றல் மாற்றம் பாடம் நடத்துகிற ஒருவன் இந்தக் கதையைச் சகித்துக்கொள்ளக் கூடாதுதான். எனக்கு அதில் துளி உறுத்தலும் இருந்ததில்லை.

1993இல் வந்த பழைய டூமை கல்லூரியில் லேப் கம்ப்யூட்டரில் ஆடியிருக்கிறேன். 2016இல் வந்தது அதன் மறுபிறப்பு. 2017 நவம்பரில் பேனிக் பட்டன் என்ற குழு அதை ஸ்விட்சுக்குள் சுருக்கித் திணித்தது. பெரிய கருவிகளில் நொடிக்கு 60 சட்டகங்கள் ஓடுவது இதில் 30தான் ஓடும். கூட்டம் சேர்ந்தால் படம் குழம்பும், பேயின் முகமே மசமசவென்று தெரியும். ஆனாலும் அது விடாது. மற்ற சுடும் விளையாட்டுகளில் அடிபட்டால் சுவருக்குப் பின்னால் பதுங்கி மூச்சு வாங்கலாம். இதில் பதுங்கினால் செத்தோம். உயிர் குறையும்போது எதிரியை நோக்கித்தான் ஓட வேண்டும். தள்ளாடி மினுங்குகிற பேயைக் கிட்டே போய்க் கையால் முடித்தால் இழந்த உயிர் திரும்ப வரும். குண்டு தீர்ந்தால் ரம்பத்தால் ஒன்றை அறுக்க வேண்டும், அதன் உடம்பிலிருந்து குண்டுகள் கொட்டும். பகலெல்லாம் பதிவேட்டுக்கும் சுற்றறிக்கைக்கும் பதுங்கியே வாழ்கிறவனுக்கு, பயந்தால் முன்னே போ என்கிற ஒரு விதி எவ்வளவு ஆறுதல் என்று சொன்னால் புரியுமா தெரியவில்லை. இத்தனைக்கும் நான் ஆடுவது ஆக எளிய நிலையில். அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மலைக்கு இது ஏற்ற விளையாட்டு என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. கல்வராயனில் பல ஊர்களில் டவர் கிடையாது. டூமில் தனி ஆளாக ஆடும் கதை முழுவதும் கார்ட்ரிட்ஜிலேயே இருக்கிறது. பலர் சேர்ந்து ஆடும் பகுதியைத்தான் தனியாக இறக்க வேண்டும். நான் இறக்கவே இல்லை. வாரக் கடைசியில் கள்ளக்குறிச்சி வீட்டில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு, கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை பஸ் ஏறுவேன். கருவியைச் சாய்த்தே குறிபார்க்கிற வசதியைப் பின்னால் சேர்த்திருந்தார்கள். கோமுகி அணை தாண்டி மலைப்பாதையில் அதைப் போட்டுப் பார்த்தேன். டிரைவர் ஸ்டீயரிங்கை ஒடித்தால் என் துப்பாக்கியும் ஒடிகிறது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பேயை விட்டுவிட்டுக் கூரையைச் சுட்டேன். கடைசியில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தேன். பக்கத்து சீட்டு அம்மா ஒரு எலுமிச்சம்பழத்தை நீட்டி, "மலை ஒத்துக்கலையா சார்?" என்றார். ஆமாம் என்றேன்.

இவ்வளவும் வெறும் பைத்தியக்காரத்தனம், மன்னிக்கக்கூடியது. இனிச் சொல்வது அப்படியல்ல. விடுதியில் இரவுப் படிப்பு மேற்பார்வை என் முறையாக வரும் நாட்களில், பிள்ளைகள் கூடத்தில் படிக்க, நான் பக்கத்து அறையில் ஒரு காதில் மட்டும் இயர்போனுடன் செவ்வாயில் இருப்பேன். யாராவது வாசலில் நின்று "சார், டவுட்டு" என்றால் கருவியை மடியில் கவிழ்த்துவிட்டு, "நாளைக்கு வாப்பா" என்பேன். அப்படி நான் அனுப்பிவைத்த சந்தேகங்கள் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

இந்த லட்சணத்தில், 2023இல் பெற்றோர் கூட்டத்தில் செல்போன் விளையாட்டின் தீமை பற்றிப் பேசியவன் நான். நன்றாகவே பேசினேன். 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்தார்கள், 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரைத் தடை செய்தார்கள் என்று தேதி தேதியாக அடுக்கினேன். போதாதென்று அந்த ஏப்ரலில் நடைமுறைக்கு வந்திருந்த தமிழ்நாட்டு இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தையும் இழுத்தேன். அது காசு வைத்து ஆடுகிற ஆட்டத்துக்கான சட்டம், பையன்கள் ஆடுவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். மரவள்ளிக் காட்டிலிருந்து நேரே வந்து உட்கார்ந்திருந்தவர்கள் தலையாட்டினார்கள். வாத்தியார் சொன்னால் சட்டம்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஊருக்கு மேலே சிக்னல் கிடைக்கிற ஒரே பாறையில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனைக் கையும் களவுமாகப் பிடித்தேன். ஃபோனில் ஃப்ரீ ஃபயர். "தடை செஞ்ச கேம்டா இது" என்று பிடுங்கினேன். அவன் அழவில்லை, கெஞ்சவில்லை. தவறான விடையைத் திருத்துகிற தொனியில், "அது வேற சார், இது மேக்ஸ்" என்றான். அவன் சொன்னது சரி. ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் தடைப் பட்டியலில் இல்லை. தெரிந்தும் ஃபோனைக் கொண்டுபோய் பீரோவில் பூட்டினேன்.

எதை வைத்து என்னை நியாயப்படுத்திக்கொண்டேன் என்று யோசித்தால் இப்போதும் கூசுகிறது. நான் சுடுவது பேயை, இவன் சுடுவது மனுஷனை. என்னுடையது கதை, கலை, இவனுடையது போதை. எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது விலைதான். அவனுடைய விளையாட்டு இலவசம். மலிவு ஃபோனிலும் ஓடும், பத்து நிமிடத்தில் ஒரு ஆட்டம் முடியும். என்னுடையது வெளிநாட்டிலிருந்து வந்தது. காசு கொடுத்துக் கெட்டால் ரசனை, ஓசியில் கெட்டால் ஒழுக்கக்கேடு என்று நான் உண்மையாகவே நம்பினேன். அந்த ஃபோன் அவன் வீட்டுக்கு வந்ததே கொரோனாவில் நாங்கள் வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்பியபோதுதான். வாங்கச் சொன்னது நாங்கள்.

பொங்கலுக்கு அவன் அண்ணன் வந்தான். மலையிலிருந்து நிறையப் பேர் போவதுபோல அவனும் கேரளத்தில் எஸ்டேட் வேலைக்குப் போனவன். அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். கோபமே இல்லை. "தம்பி ரொம்ப நாளா ஆட வரல சார், உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு பயந்துட்டேன்" என்றான். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் அவன் அங்கிருந்தும் தம்பி பாறையிலிருந்தும் ஒரே அணியில் இறங்குவார்களாம். நாலு பேர் அணியில் மற்ற இருவரும் இந்த மலைப் பையன்கள்தான், வேறு வேறு ஊரில் வேலை பார்ப்பவர்கள். மைக்கில் பேசிக்கொண்டே ஆடுவார்களாம். அம்மாவுக்குக் காய்ச்சல், சாமை அறுத்தாச்சு, ஆடு குட்டி போட்டது எல்லாம் அதில்தான் போகும். "சும்மா ஃபோன் போட்டா இவன் என்னா ஏதுன்னு வச்சிருவான் சார். ஆடுறப்பதான் வாயைத் திறப்பான்."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "முழுப்பரீட்சை வரைக்கும் பத்திரமா இருக்கட்டும்னு நான்தான் வாங்கி வச்சேன்" என்றேன். அவன் நன்றி சொன்னான். நன்றியையும் வாங்கிக்கொண்டேன்.

ஃபோனை எடுத்தபோது பேட்டரி உப்பி, பின்மூடி பிதுங்கியிருந்தது. கள்ளக்குறிச்சியில் கொடுத்து மாற்றினேன், காசு என்னுடையது. பையனிடம் அதைச் சொல்லவில்லை. இனி ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று கண்டிப்பாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன், ஏதோ சலுகை காட்டுகிறவன்போல. அவன் முன்பும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஆடிக்கொண்டிருந்தான்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அதற்குப் பிறகு மலைக்கு ஏறும் வழியில் சாராயம் தேடி ஒரு தடவை என் பையையும் திறந்து பார்த்தார்கள். துண்டைப் பிரித்த காவலர், "என்ன சார் இது?" என்றார். ஸ்மார்ட் கிளாஸுக்கு என்றேன். சல்யூட் அடித்து அனுப்பினார். ஊரே சாவு வீடாகக் கிடந்த வாரத்தில் எனக்கு வியர்த்தது கருவியைப் பறிகொடுத்துவிடுவேனோ என்றுதான்.

பழக்கத்தை விட்டேனா என்றால் விடவில்லை. இரவுப் படிப்பு நேரத்தில் மட்டும் எடுப்பதில்லை, அதுவும் பெரும்பாலும். டூமின் அடுத்த பாகமான 'எட்டர்னல்' ஸ்விட்சுக்குக் கார்ட்ரிட்ஜாக வரவில்லை, இறக்கித்தான் ஆட வேண்டும். போன கோடை விடுமுறையில் வீட்டு வைஃபையில் அதையும் இறக்கிவிட்டேன். இந்த ஆண்டுப் பெற்றோர் கூட்டத்திலும் செல்போன் விளையாட்டு பற்றி நானே பேச வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்டிருக்கிறார். சரி என்று சொல்லியிருக்கிறேன்.