வேகப்பந்தும் வளரும் முதுகும்

பதின்பருவ வேகப்பந்து வீச்சாளர்களின் கீழ்முதுகில் தோன்றும் அழுத்த முறிவு, அதாவது ஒரே அடியால் அன்றி மீண்டும் மீண்டும் விழும் சுமையால் எலும்பில் மெல்ல உண்டாகும் விரிசல், பயிற்சிக் குறைவால் அன்றி அதன் மிகுதியாலேயே பெரும்பாலும் நேர்கிறது. பந்தை விடும் கணத்தில் முதுகு ஒருசேரப் பின்வளைந்தும் பக்கவாட்டில் சாய்ந்தும் முறுகுவதால், முழுமையாக இறுகாத எலும்பு போதிய ஓய்வின்றித் தன்னைச் சீரமைத்துக்கொள்ள இயலாமல் போகிறது. 2011 நவம்பரில், 18 வயதில், முதல் டெஸ்டிலேயே ஆட்டநாயகனான ஆஸ்திரேலியாவின் பாட் கம்மின்ஸ், முதுகுக் காயங்கள் தொடர்ந்து வாட்டியதால் 2017 மார்ச்சில்தான் அடுத்த டெஸ்டை ஆடினார். திறமை முதிரும் வேகத்தில் எலும்பு முதிர்வதில்லை. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இளையோருக்கு வயதுவாரியான ஓவர் வரம்பு பரிந்துரைக்கப்படுவது இதனாலேயே எனினும், பள்ளி, மன்றம், மாவட்டம் என மூன்று அணிகளுக்கு ஒரே சிறுவன் வீசும்போது மொத்தக் கணக்கை வைத்திருப்பவர் அரிது (ஆர்வமிகுந்த பெற்றோரும் இதற்கு விலக்கல்லர்). முறிவு உறுதியானபின் பல மாதங்கள் பந்துவீச்சை நிறுத்துவதே முதன்மைச் சிகிச்சை. வலி நீங்குவதும் எலும்பு கூடுவதும் ஒன்றல்ல. நாற்பதைக் கடந்து வார இறுதியில் மட்டும் ஆடுவோருக்கோ, தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணே, குறிப்பாகக் குதிகாலில், முதலில் அறுபடக்கூடியது. அவர்களுக்கு நீண்ட ஓய்வைவிட, வாரநாள்களில் கெண்டைக்கால் தசைக்குப் படிப்படியாகச் சுமையேற்றும் பயிற்சியே பயன் தரும்.