மஞ்சள் விளக்கும் ஒரு தெர்மோஸ்டாட்டும்

போன சித்திரையில் எங்கள் காரில் இஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. ஒர்க்‌ஷாப்பில் கருவியைச் செருகிப் பார்த்து, "பி0128 காட்டுது. கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் போயிடுச்சு சார்" என்றார்கள். புது சென்சார், கூலி எல்லாம் சேர்த்து 3,400 ரூபாய். நான்காம் நாள் விளக்கு மறுபடியும் எரிந்தது. "வயரிங் முழுக்கப் பார்க்கணும், ஈசிஎம்மாகவும் இருக்கலாம்" என்று இழுத்தார்கள்.

பெங்களூரில் இருக்கும் மகனிடம் சொன்னேன். "வித்துடுங்கப்பா. வண்டிக்கும் வயசாச்சு..." என்று பாதியில் நிறுத்திக்கொண்டான். மீதி எனக்குப் புரிந்தது. மனைவிக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனபிறகு பஸ் படி ஏற முடியாது. கார் போனால் கோயில், கல்யாணம் எல்லாம் போச்சு.

"விக்கறது இருக்கட்டும்டா, அந்த விளக்கு என்னதான் சொல்லுது?" என்றேன். ஒரு வாரத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு ப்ளூடூத் அடாப்டர் கூரியரில் வந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனை உள்ள ஒரு சாக்கெட் இருக்கிறது. அதில் இதைச் செருக வேண்டும். என் பழைய லேப்டாப்பில் பைத்தானையும், 'பைத்தான் ஓபிடி' என்ற நிரல் நூலகத்தையும் வீடியோ காலில் அவனே போட்டுக்கொடுத்தான். பத்து வரிகூட இல்லாத நிரல்தான்.

நான் தந்தி ஆபீசில் வேலை பார்த்தவன். கார் அனுப்பும் பதிலைப் பார்த்ததும் பழைய ஞாபகம் வந்துவிட்டது. நாம் '01 05' என்று கேட்டால் கூலன்ட் சூடு எவ்வளவு என்று அர்த்தம். அதற்கு '41 05 45' என்று பதில் வந்தது. கடைசி 45 பதினாறின் அடிமான எண். நாலு பதினாறு அறுபத்து நாலு, கூட அஞ்சு, 69. அதில் 40 கழித்தால் 29 டிகிரி. பனி பெய்யும் ஊர்களில் மைனஸ் 40 வரை காட்ட வேண்டுமே, அதற்காக இந்த 40. நூலகமே கழித்துத் தந்துவிடும். ஆனாலும் நான் ஒரு தரம் காகிதத்தில் போட்டுப் பார்த்துக்கொண்டேன்.

நடுவில் ஒரு அசட்டுத்தனமும் செய்தேன். கோடை அழிக்கும் கட்டளையை ஆசைக்கு ஒரு தரம் அடித்துவிட்டேன். விளக்கு அணைந்தது. ஆனால் கோளாறு பதிவான கணத்தில் வேகம், சூடு எவ்வளவு என்று கார் எடுத்து வைத்திருந்த குறிப்பும் கூடவே அழிந்துபோனது. "படிக்கறதுக்கு முன்னாடியே கிழிச்சுட்டீங்களேப்பா!" என்றான் பையன். தந்தி ஆபீஸ்காரனுக்கு இதைவிட அவமானம் உண்டா?

மறுநாள் காலை, ராத்திரி முழுக்க நின்ற காரில், ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் சாவியை மட்டும் திருப்பி இரண்டு எண் கேட்டேன். கூலன்ட் 29, இஞ்சினுக்குள் போகும் காற்று 29. வெவ்வேறு இடத்தில் இருக்கிற இரண்டு சென்சாரும் ஒரே பேச்சுப் பேசின. அப்படியானால் சென்சார் மேல் பழி போடுவது எப்படி?

பிறகு தஞ்சாவூர் ரோடில் கிளம்பினோம். லேப்டாப் மனைவி மடியில். கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி சொல்லிக்கொண்டே வந்தாள். சிக்னலில் நிற்கும்போது 76, 77 என்று ஏறியது. திருவெறும்பூர் தாண்டி வேகமெடுத்ததும் 70, 68, 66 என்று இறங்கியது. "ஓட ஓட குளுருதுங்க, இது என்ன இஞ்சின்!" என்றாள்.

விஷயம் அங்கேதான் இருந்தது. இஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் மூடி வைத்திருப்பது தெர்மோஸ்டாட் என்ற வால்வு. அது திறந்தபடியே மாட்டிக்கொண்டால், வேகமாகப் போகும்போது எதிர்காற்று ரேடியேட்டரையும் இஞ்சினையும் சேர்த்து ஆற்றிவிடும். பி0128 சொல்வதும் கூலன்ட் வேண்டிய சூட்டை எட்டவில்லை என்பது மட்டும்தான். சென்சார் கெட்டுவிட்டது என்று அது சொல்லவே இல்லை. இஞ்சின் சூடேறவில்லை என்றால் பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். மூன்று மாதமாக மைலேஜ் குறைந்ததற்கு நான் பங்க்காரரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்!

எங்கள் தெரு மெக்கானிக் தம்பியிடம் நோட்டைக் காட்டினேன். இரண்டு தரம் படித்துவிட்டு, "கழட்டிப் பாத்துடலாம் சார்" என்றார். வெளியே எடுத்த வால்வு, கையில் சில்லென்று இருக்கும்போதே வாய் பிளந்து நின்றது. புதுசுக்கும் கூலிக்கும் சேர்த்து 1,150 ரூபாய் ஆனது.

அடுத்த வெள்ளிக்கிழமை சமயபுரம் போனோம். பாலம் ஏறும்போது, "இப்ப எவ்வளவு?" என்றேன்.

"எண்பத்தெட்டு. டோல்கேட்டுலேர்ந்து அப்படியே நிக்குது. ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்றாள்.