உரிமத்தின் விலை

பகலில் தரவுத்தளங்களோடும் இரவில் சிற்றிதழ்களோடும் வாழ்கிறவர்கள் நாங்கள். எட்கர் காட் 1970-ல் ஓர் ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரையே தொடர்புசார் தரவுத்தளங்கள் அனைத்துக்கும் மூலம். கருத்து எவருக்கும் பொது, கருவிக்குத்தான் விலை.

ஆரக்கிளின் என்டர்பிரைஸ் பதிப்புக்கு விலைப்பட்டியல் சொல்லும் தொகை, ஒரு பிராசஸருக்கு 47,500 டாலர். இன்டெல் வழங்கியில் இரண்டு கோர்கள் ஒரு பிராசஸராகக் கணக்கிடப்படும். எட்டு கோர்களுக்கு 1,90,000 டாலர். ஆண்டுதோறும் பராமரிப்புக்கு 22 விழுக்காடு. ஐந்தே ஆண்டுகளில் அது உரிமத்தின் விலையையே தாண்டிவிடும். பேரம் பேசத் தெரிந்தவர்களுக்குத் தள்ளுபடி உண்டு.

பெர்க்லியில் 1986-ல் தொடங்கிய ஆய்வுத் திட்டத்தின் வழிவந்த போஸ்ட்கிரெஸுக்கோ உரிமக் கட்டணமே இல்லை. ஆயினும் ஓர் அலுவலகத்துக்காக ஆரக்கிளிலிருந்து அதற்கு மாறியபோது, தரவுகள் சில நாட்களில் நகர்ந்தன. ஊழியர்கள் பல்லாண்டுகளாக எழுதிவைத்திருந்த நிரல்களை மாற்றியெழுத மாதங்கள் ஆயின. வெற்றுச் சொல்லை ஆரக்கிள் இன்மையாகவே கொள்ளும். போஸ்ட்கிரெஸ் இரண்டையும் வெவ்வேறாகப் பார்க்கும். மௌனத்துக்கும் இல்லாமைக்கும் வேறுபாடு தேடி, மொழிபெயர்ப்பாளரைப் போல வரிவரியாக வாசித்தோம்.

வெளியேற எவ்வளவு ஆகும் என்பது எந்த விலைப்பட்டியலிலும் இருப்பதில்லை. நுழையும் முன்பே அதை நாம்தான் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.