ஒரு சொடுக்கு இரண்டானபோது

திருமண நாளன்று கணவருக்காக ஒரு பாட்டுப் பாட, தொலைபேசியில் காத்திருந்தார் ஓர் அம்மா. அவரை வானலைக்குக் கொண்டுவர நான் மௌஸை ஒரு தடவைதான் அழுத்தினேன். அது இரண்டாகப் பதிந்துவிட்டது. முதல் சொடுக்கில் வந்தவர், இரண்டாவதில் துண்டிக்கப்பட்டார். நிகழ்ச்சி முடிந்ததும் அழைத்து மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லம்மா, இன்னொரு நாளைக்குப் பாடுறேன்” என்றார். குரலில் முன்பிருந்த உற்சாகம் இல்லை.

அது நான் வீட்டிலிருந்து கொண்டுபோன கேமிங் மௌஸ். வானவில் விளக்கில் மயங்கி வாங்கியது. வயது எட்டு மாதம்! பொத்தானுக்கு அடியில் சின்ன விசை ஒன்று உண்டு. அதற்குள் இருக்கும் மெல்லிய உலோகத் தகடு ஒவ்வோர் அழுத்தத்துக்கும் வளைந்து நிமிர வேண்டும். அதன் விறைப்புக் குறைந்தால் ஒன்று இரண்டாகிவிடும். பெட்டியில் 2 கோடி, 5 கோடி சொடுக்கு என்று போடுவது இந்த விசையின் ஆயுளைத்தான்.

சனிக்கிழமை தம்பியோடு லோயாட் பிளாசா போனேன். அவன் ‘டிபிஐ’ எவ்வளவு என்று பார்த்தான். நான் மௌஸைக் காதருகே வைத்துக் குலுக்கினேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும், காதை நம்பிப் பிழைப்பவள் நான். ஒன்றில் சக்கரம் கடகடவென்று ஆடியது. இன்னொன்றின் இரு பக்கத்தையும் அழுத்தினால் பழைய கதவு மாதிரி முனகியது. பக்கங்களில் மெத்தென்ற ரப்பர் பூச்சு இருந்ததை எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கினேன். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது நாளடைவில் பிசுபிசுக்கும்.

நேரலையின் நடுவே பேட்டரி தீரக்கூடாது என்பதால் எனக்கு வயருள்ள மௌஸ்தான் வேண்டும். வயர் உடம்புக்குள் நுழையும் இடத்தைத்தான் அதிக நேரம் பார்த்தேன். பெரும்பாலும் அங்கேதான் உள்கம்பி அறுந்துபோகும். வளையும் ரப்பர் காப்பு அங்கே நீளமாக இருக்க வேண்டும். சில வயர்களின் துணிப் பின்னல் முரட்டுக் கயிறு மாதிரி மேசையை உரசி இழுக்கிறது. காலணிக் கயிறு போல் மெத்தென்று இருப்பதே எனக்குப் பிடித்தது.

கனமாக இருந்தால் உறுதி என்று நினைத்திருந்தேன். அதுவும் தப்பு. கடைசியில் எடுத்தது லேசான, விளக்கே இல்லாத கறுப்பு மௌஸ்.

“ஆபீஸ் மௌஸ் மாதிரி இருக்குக்கா” என்று தம்பி முகம் சுளித்தான்.

இப்போது அது ஸ்டூடியோவில் இருக்கிறது. அந்த அம்மாவின் எண்ணைத் தாளில் எழுதித் திரை ஓரத்தில் ஒட்டியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை நானே அழைக்கப் போகிறேன்.