தலைப்பாகை கட்டியவனெல்லாம் கள்வனா?

டிஸ்னி நிறுவனத்தாரின் 'அலாவுதீன்' கார்ட்டூன் படம் 1992-இல் வெளிவந்தது. 1994 முதல் தொலைக்காட்சித் தொடராகவும் வீடுதோறும் நுழைந்தது. படத்தின் தொடக்கப் பாடல், அராபியர் நாட்டைக் காதறுக்கும் நாடு எனப் பாடிற்று. அமெரிக்கவாழ் அராபியர் கண்டித்ததன் பயனாக, 1993-இல் வீடியோவாக வந்தபோது அவ்வரிகள் மாற்றப்பட்டன. ஆயினும் நாயகன் அமெரிக்க இளைஞனைப்போலப் பேசுவதும், காவலர்கள் கோர முகத்தோடு திரிவதும் மாறவில்லை.

இது சிறு செய்தி அன்று. சனிக்கிழமைக் காலைக் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் தந்தையிடம் ஓடிவந்து, "கெட்ட அராபியரைக் காட்டுகிறார்கள்" என்றனராம். அத்தந்தை ஜாக் ஷாஹீன். லெபனான் வழிவந்த அமெரிக்கக் கிறிஸ்தவர். அராபியரைத் தொலைக்காட்சி எவ்வாறு சித்திரிக்கிறது என்பதை ஆராய்ந்து, 1984-இல் நூலாக வெளியிட்டார். அராபியர் எல்லாரும் இஸ்லாமியர் அல்லர். ஆனால் திரை அவ்வேறுபாட்டை அறிவதில்லை. தன் தாத்தாவின் தாடியையும் தலைப்பாகையையும் தீயவனிடமே மீண்டும் மீண்டும் காணும் இஸ்லாமியக் குழந்தை, தன்னைப் பற்றி என்ன எண்ணிக்கொள்ளும்?

இதற்கு மாற்றினை அம்மக்களே கண்டனர். துபாயில் 2006-இல் 'ஃபிரீஜ்' என்னும் தொடர் தோன்றியது. அதன் நாயகியர் நான்கு மூதாட்டியர்! மலேசியாவில் 2007-இல் 'உபின் இபின்' வந்தது. பாட்டியிடம் வளரும் பெற்றோரற்ற இரட்டைச் சிறுவர், ரமலான் நோன்பின் பொருளைக் கற்கும் கதையாக அது தொடங்கிற்று. அக்கதையில் சீனச் சிறுமியும் சீக்கியச் சிறுவனும் ராஜு என்னும் இந்தியச் சிறுவனும் தோழர். கடை நடத்துபவர் முத்து. தன்னை மதிக்கக் கற்கும் குழந்தை, அயலானையும் மதிக்கக் கற்கிறது.

நம் பிள்ளைகளின் நிலை யாது? மறைக்கல்வி வகுப்பில் நல்ல சமாரியர் உவமையை வரையச் சொன்னோம். வழிப்போக்கனை அடித்துப்போட்ட கள்வருக்குப் பலர் தலைப்பாகையும் தாடியும் வளைந்த வாளும் தந்திருந்தனர். நற்செய்தியில் இவை இல்லை. "எங்கே கண்டீர்கள்?" என வினவினோம். "கார்ட்டூனில், சாமி" என்றனர். இஸ்லாமியக் குழந்தையின் நெஞ்சில் நாணத்தை விதைக்கும் அதே படம், நம் குழந்தையின் நெஞ்சில் அச்சத்தை விதைக்கிறது.

இஸ்லாமியரைத் திருச்சபை மதிப்போடு நோக்குகிறது என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இலேயே அறிவித்தது. அப்போதனை கோவில் பீடத்தோடு நின்றுவிடலாமோ? பெற்றோரே, பிள்ளைகளோடு அமர்ந்து படம் பாருங்கள். "இவனைக் கெட்டவன் என்று எதைக்கொண்டு அறிந்தாய், செயலாலா, தோற்றத்தாலா?" என்று கேளுங்கள். ரமலான் நாளில் அடுத்த வீட்டு அத்தாவுக்கு வாழ்த்துக் கூறப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். திரை வரைந்த பொய்முகத்தை அழிக்க, அன்பு காட்டும் மெய்முகம் ஒன்றே போதும்.